முன்பணம் விற்பனை அல்ல, கடன்!



காலையில் கடை திறந்ததும் ஒரு வாடிக்கையாளர் வருகிறார். ஐந்நூறு ரூபாயை நீட்டி, “அண்ணாச்சி, இது உங்களிடம் இருக்கட்டும். பையன் வந்து சாமான் கேட்கும்போது கொடுத்து, இதில் கழித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போகிறார். பணம் நம் கல்லாவில் விழுந்துவிட்டது. ஆனால் அது நம் பணம் ஆகிவிட்டதா? இல்லை. அவர் பெயரில் வரவு எழுதுகிறோம். பையன் இரண்டு மாதம் வராவிட்டாலும் அந்த வரவு அப்படியே இருக்கும். கடையை அடுத்த தெருவுக்கு மாற்றினாலும் இருக்கும். “நான் இப்போது மளிகையை விட்டுவிட்டு எண்ணெய் மட்டும்தான் விற்கிறேன். ஆகவே உங்கள் ஐந்நூறு ரூபாய் போனது போனதுதான்” என்று நம்மில் எவராவது சொன்னால், அந்தத் தெருவில் மறுநாள் கடை திறக்க முடியுமா?

மண்டியிலும் மளிகைக் கடையிலும் செல்லாத இந்தப் பேச்சு, இணையம் வழியாகத் தொழில் நடத்தும் பெரிய நிறுவனங்களிடம் மட்டும் எப்படிச் செல்லுகிறது? இதைப் பற்றி நாம் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

நம் உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்தது

நம் சங்க உறுப்பினர் ஒருவர் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்கிறார். கொழும்பு புறக்கோட்டையிலும் துபாயிலும் அவருக்குக் கொள்முதல்காரர்கள் உண்டு. இக்காலத்தில் செல்பேசிச் செயலி வழியாக இலவசமாகவே பேசலாமே என்று கேட்கலாம். எதிர்முனையில் இருப்பவரும் அதே செயலியை வைத்திருந்தால் பேசலாம். ஆனால் கப்பல் முகவர் அலுவலகம், வங்கி, சுங்கத் தரகர் ஆகியோரின் மேசைமேல் இருப்பது சாதாரணத் தொலைபேசி. அதற்குப் பேச இணையத் தொலைபேசிச் சேவை ஒன்றில் முன்கூட்டியே பணம் கட்டி, நிமிடத்துக்கு இவ்வளவு என்று கழியும்படி வைத்திருந்தார்.

ஒரு நாள் மின்னஞ்சல் வந்தது. “எங்கள் சேவை முறை மாறுகிறது. இனி மாதச் சந்தா மட்டுமே” என்பது அதன் சாரம். சீசன் நேரம், ஏலமும் லோடும் ஓடிக்கொண்டிருந்ததால் அவர் அதைப் பார்க்கவில்லை. ஆறு வாரம் கழித்துக் கொழும்புக்குப் பேசப் போனால் கணக்கில் இருந்த ரூ. 2,140 காணோம். சந்தா கட்டினால்தான் வழி திறக்கும், பழைய இருப்பு சந்தாவில் கழியாது என்று பதில் வந்தது. யாரிடம் கேட்பது? பேச ஒரு ஆள் இல்லை, போய் நிற்க ஒரு அலுவலகம் இல்லை. எழுதிய மூன்று கடிதங்களுக்கும் ஒரே அச்சுப் பதில்.

“ரெண்டாயிரம் ரூபாய் போனால் போகட்டும். ஆனால் நான் என் வாடிக்கையாளருக்கு இதைச் செய்தால் என்னை என்னவென்று சொல்வார்கள்?” என்று அவர் நம்மிடம் கேட்டார். இக்கட்டுரை எழுதக் காரணம் அந்தக் கேள்விதான்.

உலகம் கண்ட உதாரணங்கள்

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்த விபத்து அல்ல. இத்தொழிலின் வரலாற்றையே சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

இணையம் வழித் தொலைபேசிக்கு நம் நாட்டில் 2002 ஏப்ரலில்தான் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டு அழைப்பில் விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனத்துக்கு இருந்த ஏகபோகம் முடிந்ததும் அதே சமயத்தில்தான். அடுத்த ஆண்டு, 2003-ல், ஸ்கைப் வந்தது. சுவீடன்காரர் ஒருவரும் டென்மார்க்காரர் ஒருவரும் தொடங்க, எஸ்டோனியா நாட்டு இளைஞர்கள் அதன் மென்பொருளை உருவாக்கினார்கள். 2004-ல் கணினியிலிருந்து சாதாரணத் தொலைபேசிக்குப் பேசும் வசதியை அது விற்கத் தொடங்கியது. பல நாடுகளுக்கு நிமிடத்துக்கு இரண்டு யூரோ சென்ட்டுக்கும் குறைவான கட்டணம். முதலில் பணம் போடு, பிறகு பேசு என்பதுதான் முறை. வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அது பெரிய உதவியாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

நிறுவனம் கைமாறியது. 2005-ல் ஈபே நிறுவனமும், 2011-ல் 850 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் வாங்கின. இடையே நிபந்தனைகளும் வந்தன. 180 நாட்கள் ஒரு கட்டண அழைப்பும் செய்யாவிட்டால் இருப்புச் செயலற்றுப் போகும். மீண்டும் உயிர்ப்பிக்க வழி வைத்திருந்தார்கள் என்றாலும், அது தெரிந்தவர்களுக்குத்தான் பயன்பட்டது. 2014 நவம்பர் 10 முதல் இந்தியாவுக்குள்ளிருந்து இந்தியத் தொலைபேசிகளுக்குப் பேசும் வசதி நிறுத்தப்பட்டது. உள்ளூர் அழைப்புக்கென்றே பணம் போட்டிருந்தவர்கள், வாங்கிய நோக்கத்துக்கே உதவாத இருப்பை வைத்துக்கொண்டு நின்றார்கள். 2024 டிசம்பரில் புதிதாகப் பணம் போடும் வசதியும், தனி எண் வாங்கும் வசதியும் நிறுத்தப்பட்டன. மாதத் திட்டத்துக்கு வாருங்கள் என்றார்கள். 2025 பிப்ரவரி 28-ல் சேவையையே மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. 2025 மே 5-ல் மூடினார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், கட்டணம் செலுத்தியவர்கள் மீதி இருப்பைச் சிறிது காலம் பயன்படுத்த, எண்பலகை ஒன்றை இணையத்தில் விட்டுவைப்பதாக அந்நிறுவனம் அப்போது சொன்னது. இரண்டு மாதத்துக்கு மேல் அவகாசமும் கொடுத்தது. அந்த அளவுக்குப் பாராட்டலாம். ஆனால் அந்த எண்ணைப் பெயர்ப்பலகையிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்து வைத்திருந்த சிறு வியாபாரி என்ன ஆனார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதைவிட மோசமானது அமெரிக்காவின் விர்ஜினியா மாநிலத்துச் சன்ராக்கெட் நிறுவனத்தின் கதை. இணையத் தொலைபேசியில் முன்னணியில் இருந்த இந்நிறுவனம், ஆண்டுக்கு 199 டாலர் மொத்தமாகக் கட்டினால் போதும் என்று கூவிக் கூவி விற்றது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் சேர்ந்தார்கள். 2007 ஜூலையில் திடீரென்று கடையைக் கட்டியது. நேற்றுப் பணம் கட்டியவரும் பத்து மாதம் முன் கட்டியவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். மலிவு விலைக்கு ஆசைப்பட்டு ஓராண்டுப் பணத்தை முன்னால் கொடுத்தவர், தெரியாமலே அந்த நிறுவனத்துக்கு ஈடில்லாத கடன் கொடுத்தவராகிவிட்டார்.

நம் கடைவாசலுக்கே வந்த வழக்கு

வெளிநாட்டுக் கதை நமக்கெதற்கு என்று எண்ண வேண்டாம். செல்பேசி ரீசார்ஜ் கூப்பன்களை மளிகைக் கடையில் தொங்கவிட்டு விற்றவர்கள் நாம். ‘வாழ்நாள் முழுவதும் செல்லும்’ என்ற திட்டங்களை 2005, 2006 ஆண்டுகளில் நம் கையால்தான் விற்றோம். 2018-ன் பிற்பகுதியில் சில தொலைபேசி நிறுவனங்கள் முறையை மாற்றின. மாதந்தோறும் குறைந்தபட்ச ரீசார்ஜ் செய்தால்தான் இணைப்பு உயிரோடு இருக்கும் என்றன. கணக்கில் போதிய இருப்பு வைத்திருந்தவர்களுக்கும் “உடனே ரீசார்ஜ் செய்யாவிட்டால் சேவை நிறுத்தப்படும்” என்று குறுஞ்செய்தி போனது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2018 நவம்பரில் தலையிட்டு, இருப்பு உள்ளவர்களின் சேவையை உடனே துண்டிக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது.

அந்த நாட்களில் யார் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்? நிறுவனத்து அதிகாரிகளா? நாம்தான். “உன்கிட்டதானே வாங்கினேன்? நீதானே ஆயுசுக்கும் போதும்னு சொன்னே?” என்று பெரியவர்கள் நம் கடைவாசலில் நின்று கேட்டார்கள். ஒரு கூப்பனுக்குச் சில காசுகள் கமிஷன் வாங்கிய நாம், மற்றவர் சொன்ன வாக்குக்கு நம் முகத்தை ஈடாக வைத்திருந்தோம்.

நிறுவனங்களின் வாதமும் நம் பதிலும்

நிறுவனங்கள் தரப்பிலும் வாதம் உண்டு. தொழில்நுட்பம் மாறுகிறது. இலவச அழைப்பு வந்தபின் நிமிடக் கணக்கில் விற்பவருக்கு வருமானம் குறைகிறது. லட்சக்கணக்கான தூங்கும் கணக்குகளைப் பராமரிக்கச் செலவாகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, “நிபந்தனைகளில் முன்பே எழுதியிருக்கிறோம், நீங்களும் ஒப்புக்கொண்டு அழுத்தினீர்கள்” என்கிறார்கள்.

தொழிலின் முறையை மாற்ற எவருக்கும் உரிமை உண்டு. நாமும் மாற்றியிருக்கிறோம். படியில் அளந்த கடைகள் தராசுக்கு வந்தன. தராசிலிருந்து பாக்கெட்டுக்கு வந்தன. இரும்புத் தராசு மின்னணுத் தராசானது. ஆனால் முறையை மாற்றும்போது பழைய கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் புதுக்கணக்குப் போடுவது வணிகர் மரபு. கடை கைமாறும்போதுகூட, யார் யாருக்கு என்ன பாக்கி, யாருடைய அச்சாரம் எவ்வளவு இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே சாவி கைமாறும்.

கணக்கு நூலும் இதையே சொல்கிறது. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்தியக் கணக்கியல் தரம் 115-இன்படி, சேவை கொடுக்கும் முன் வாங்கிய பணம் வருமானம் அல்ல, ஐந்தொகையில் பொறுப்பு. பெரிய கம்பெனியின் தணிக்கையாளரும் அதைக் கடன் பக்கத்தில்தான் காட்ட வேண்டும். ஆனால் அதே தரத்தில் ஒரு சாளரமும் உண்டு. வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியினர் எப்படியும் பயன்படுத்த மாட்டார்கள் என்று மதிப்பிட முடிந்தால், அந்தப் பங்கைச் சிறிது சிறிதாக வருமானத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அதாவது, நம் மறதிக்கும் ஒரு விலை போட்டு வைத்திருக்கிறார்கள்! ஒருவரிடம் நாற்பது ரூபாய், இன்னொருவரிடம் நூறு ரூபாய். தனித்தனியாகப் பார்த்தால் சில்லறை. லட்சம் பேரிடம் சேர்ந்தால் அதுவே கோடி.

சட்டம் எங்கே நிற்கிறது?

முன்பணப் பைகள் பற்றி ரிசர்வ் வங்கி 2021-ல் வெளியிட்ட முதன்மை நெறிமுறைகளில், கடைசியாகப் பணம் போட்ட நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு செல்லுபடி இருக்க வேண்டும், முடிவதற்கு முந்திய 45 நாட்களில் வாடிக்கையாளரை எச்சரிக்க வேண்டும் என்று கூறியது. நல்ல விதி. ஆனால் ஒரு நிறுவனம் தன்னிடம் மட்டுமே செலவழிக்கக்கூடிய வகையில் வாங்கும் முன்பணம் ‘மூடிய முறை’ என்று வகைப்படுத்தப்பட்டு, அந்த அனுமதி முறைக்கு வெளியே விடப்பட்டது. நம் உறுப்பினர் பறிகொடுத்த ரூ. 2,140 இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற கருத்தைக் கொண்டுவந்தது. தக்க காரணமின்றி ஒருதலையாக ஒப்பந்தத்தை முடிக்க ஒரு தரப்புக்கு உரிமை தரும் நிபந்தனையும் அதில் அடங்கும். நிறுவனம் எங்கிருந்தாலும், புகார் செய்பவர் தாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்ற வசதியும் கிடைத்தது. ஆனால் வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் ‘நுகர்வோர்’ என்ற வரையறைக்குள் வரமாட்டார். வீட்டுக்குப் பேசியவருக்குக் கதவு திறக்கும். கடைக்குப் பேசியவரிடம் “நீ வியாபாரி” என்று எதிர்த்தரப்பு வாதாடும். ரூ. 2,140-க்காக உரிமையியல் நீதிமன்றம் போக யாரால் முடியும்? சிறு வணிகன் இரண்டு சுவர்களுக்கும் நடுவில் நிற்கிறான்.

நம் வீட்டுக் கணக்கையும் பார்ப்போம்

பிறரைக் குறை சொல்லுமுன் நம் கல்லாவையும் திறந்து பார்ப்பதே முறை. மீதிச் சில்லறை இரண்டு ரூபாய்க்குப் பதிலாக மிட்டாயை எடுத்துப் போடும் பழக்கம் நம் கடைகளில் இன்னும் போகவில்லை. வாடிக்கையாளர் கேட்காத பொருளை அவர் பணத்தில் விற்கிறோம். தீபாவளிச் சீட்டில் பத்து மாதம் கட்டிவிட்டு இரண்டு மாதம் தவறியவருக்கு, “சீட்டு முறிந்தது” என்று ஒன்றும் தராமல் அனுப்பியவர்களும் உண்டு. காலி பாட்டிலுக்கு வாங்கிய முன்பணத்தை “பில் இல்லை” என்று மறுத்தவர்களும் உண்டு. தொகை சிறிதுதான். ஆனால் இணைய நிறுவனம் செய்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மறுபக்கம், நாமே இதில் அடிபட்டும் இருக்கிறோம். கம்பெனி விநியோகஸ்தரை மாற்றுகிறது. பழைய விநியோகஸ்தரிடம் நமக்கு வரவேண்டிய ஸ்கீம் தொகை, சேதச் சரக்குக்கான கிரெடிட் நோட் எல்லாம் அந்தரத்தில் தொங்குகின்றன. புதியவர் “அது என் கணக்கில் இல்லை” என்கிறார். கம்பெனி விற்பனைப் பிரதிநிதி “மேலே சொல்லியிருக்கிறேன்” என்கிறார். மேலே எங்கே என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது. முறை மாறும்போது எளியவரின் இருப்பு விழுங்கப்படும் வலி நமக்குப் புதிதல்ல. அதனால்தான் இதில் நம் குரல் முதலில் எழ வேண்டும் என்கிறோம்.

செய்ய வேண்டியவை

உறுப்பினர்கள் உடனடியாகச் செய்யக்கூடியவை சில உண்டு.

ஒன்று, எந்த இணையச் சேவையிலும் ஒரு மாதத் தேவைக்கு மேல் முன்பணம் வைக்க வேண்டாம். ஆண்டுக் கட்டணத் தள்ளுபடியைக் கண்டு மயங்கும் முன், அந்த நிறுவனத்துக்கு ஓராண்டுக் கடன் கொடுக்கத் தயாரா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

இரண்டு, இருப்புக் குறைந்ததும் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டை நிறுத்தி வையுங்கள். சேவை மாறினாலும் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும் ஆபத்து அதில் உண்டு.

மூன்று, பணம் கட்டிய ரசீதையும், மாதக் கடைசியில் இருப்புக் காட்டும் திரையின் படத்தையும் எடுத்து வையுங்கள். சிட்டையில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கிப் பற்றாக எழுதுங்கள். எழுதாத பணம் மறந்த பணம்.

நான்கு, கடையின் முக்கியமான எண்ணாக இணையச் சேவை எண்ணை மட்டும் வைக்க வேண்டாம். பையிலும் பலகையிலும் அச்சடிக்கும் எண், நம் பெயரில் பதிவான, வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய எண்ணாக இருக்கட்டும்.

ஐந்து, ‘முறை மாறுகிறது’ என்ற அறிவிப்பு வந்தால், அன்றே இருப்பைப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். அல்லது திருப்பிக் கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள். வீட்டு உபயோகக் கணக்கானால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள்.

அரசிடம் நாம் கேட்பவை அதிகமில்லை. முன்பணம் வாங்கிய நிறுவனம் சேவை முறையை மாற்றினால் குறைந்தது 90 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். மீதி இருப்பை, வாடிக்கையாளர் கேட்காமலே, பணம் வந்த வழியிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். ‘மூடிய முறை’ முன்பணத்துக்கும் குறைந்தபட்சச் செல்லுபடிக் காலமும் எச்சரிக்கை விதியும் வேண்டும். இத்தகைய சிறுதொகை வழக்குகளில் சிறு வணிகரையும் நுகர்வோராகக் கருதும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும். வாங்கும்போது ஒரு நொடியில் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, அதே ஒரு நொடியில் திருப்பிக் கொடுக்கத் தெரியாதா என்ன?

சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்று வேண்டுகிறோம். இப்படி இழந்த தொகைகளை உறுப்பினர்கள் எழுதி, ரசீது நகலுடன் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், தனித்தனியாகச் சில்லறையாகத் தெரிவது ஒன்றாகச் சேரும்போது எவ்வளவு என்பது புலப்படும். தீர்மானத்துடன் அதையும் இணைத்து அனுப்பலாம்.

அதோடு இன்னொரு தீர்மானமும் வேண்டும். நம் கடைகளில் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுப்பதை நிறுத்துவோம். முறிந்த சீட்டுக்கும் கட்டிய தொகைக்குச் சாமான் கொடுப்போம். அதைச் செய்துவிட்டுப் பெரிய நிறுவனங்களிடம் போய்க் கேட்டால், நம் கேள்விக்கு வலு இருக்கும்.

நம் மிளகாய் வற்றல் வியாபாரி இப்போது கொழும்புக்குச் சாதாரண செல்பேசியிலேயே பேசுகிறார். கட்டணம் கூடுதல்தான். “பேசின பிறகுதானே காசு வாங்குறான், அது போதும்” என்கிறார். போன மாதம் அவர் கடையில் ஒரு வேலை செய்தார். இரண்டு ஆண்டுக்கு முன் அச்சாரம் கொடுத்துவிட்டுச் சரக்கு எடுக்க வராத வெளியூர்ச் சில்லறைக் கடைக்காரர் ஒருவரின் பெயரைப் பேரேட்டில் தேடிப் பிடித்து, ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை அனுப்பி வைத்தார். அவர் மறந்தே போயிருந்தாராம்.

மறக்காமல் இருப்பதற்குத்தானே பேரேடு வைத்திருக்கிறோம்!